பின் கதவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பிரீமியம் ஹேட்ச்பேக் கார்களின், அதாவது டிக்கி தனியாக வெளியே நீளாத சிறிய கார்களில் விலை கூடியவற்றின், புதிய வரவுகளைப் பற்றி வந்த முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்குக் கார் ஓட்டத் தெரியும், அதில் ஐயமில்லை. வண்டி எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது, வளைவில் எப்படிப் பிடித்து நிற்கிறது, தொடுதிரை எத்தனை அங்குலம், சன்ரூஃப் வாய்ச்சொல்லுக்குத் திறக்கிறதா என்றெல்லாம் அலசியிருக்கிறார். பின் இருக்கைக்கு மட்டும் ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். இருவர் தாராளமாகவும் மூவர் சற்று நெருக்கியும் உட்காரலாமாம். அப்படி உட்கார வேண்டியவர்கள் எங்கள் வீட்டில் இருப்பதால் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், வெட்டுவதானால் நான் என்னைப் பற்றிச் சொல்லும் அடுத்த பத்தியை வெட்டுங்கள், அளவுகளில் கை வைக்காதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நங்கநல்லூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். கணவருக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று சிகிச்சை ஆகியிருக்கிறது. அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு முன்பே பிரேக்கை மிதிப்பார். பின்னால் என் மாமியார், வயது 86. அவருக்குப் பக்கத்தில் என் நாத்தனார், அவருக்கும் முட்டிவலி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி நடுவில் ஏறிக்கொள்வாள். மயிலாப்பூர் கச்சேரி, மேற்கு மாம்பலம் உறவினர் வீடு, கண் மருத்துவர், கல்யாண மண்டபம் என்று இந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்கள் காரின் வேலை. இந்த ஊரில் கார் வைத்திருக்கும் வீடுகளில் பாதியாவது இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். அலுவலகம் போகிறவர்கள் மெட்ரோவிலோ இருசக்கர வண்டியிலோ போய்விடுகிறார்கள். வீட்டுக் கார் வெளியே வருவதே பெரியவர்களுக்காகத்தான்.

இப்போது எங்களிடம் இருப்பது 2009-இல் வாங்கிய சான்ட்ரோ. பதினைந்து ஆண்டுகள் முடிந்து, பதிவையும் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து அந்தக் கார் முதலில் வெளிவந்தபோது அதன் உருவத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். தலை மட்டும் பெரிதாக நின்றுகொண்டிருப்பதுபோல இருக்கும். ஆனால் பின் கதவைத் திறந்தால் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும். மாமியார் அதில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. திரும்பி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த வசதியை யாரும் விளம்பரத்தில் சொல்லியதாக எனக்கு நினைவில்லை.

பழைய வண்டியை மாற்றலாம் என்று நாங்களும் பார்க்கத் தொடங்கினோம். வரி குறைந்ததும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் மேல்வரி 1 சதவீதமும் சேர்ந்து 29. வரிக்கு முன் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 129 ரூபாய் கொடுத்த இடத்தில் இப்போது 118, ஏறக்குறைய எட்டரை சதவீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் எது சிறிய கார் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் விடுபட்டது அதுதான், இந்தக் கார்களின் உருவமே அதிலிருந்துதான் வருகிறது.

2006-07 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசலானால் 1,500-க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வரியின் பெயர் மாறியது, விகிதம் மாறியது, அந்த நான்கு மீட்டர் மட்டும் மாறவில்லை. இன்று அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதனால்தான் ஐரோப்பாவில் நான்கு மீட்டரைத் தாண்டிய நீளத்தில் விற்கும் ஹூண்டாய் ஐ20, இங்கே 3,995 மில்லிமீட்டரில் நிற்கிறது. மாருதி பலேனோ 3,990. டாடா ஆல்ட்ராஸும் 3,990. மூன்று நிறுவனங்களும் ஒரே கோட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் வந்து நின்றிருக்கின்றன.

வகுப்பில் மாணவிகளுக்குக் கொடுக்க அருமையான கணக்கு இது. மொத்த நீளம் மாறாது. எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் அதைப் பங்கு போட வேண்டும். ஐ20-இல் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,580 மில்லிமீட்டர், டிக்கி 311 லிட்டர். பலேனோவில் 2,520, டிக்கி 318. ஆல்ட்ராஸில் 2,501, டிக்கி 345. ஒருவர் காலுக்குக் கொடுக்கிறார், இன்னொருவர் பெட்டிக்குக் கொடுக்கிறார். வாங்குகிறவர் தன் வீட்டில் கால் அதிகமா பெட்டி அதிகமா என்று பார்த்துக்கொள்ளலாம். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நேர்மையான பங்கீடு.

என் குறை உயரத்தில்தான். நீளத்துக்கு அரசு கோடு போட்டது. உயரத்துக்கு யாரும் போடவில்லை. ஆனாலும் பலேனோ 1,500, ஐ20 1,505, ஆல்ட்ராஸ் 1,523. இவற்றைவிட விலை குறைந்த வேகன்-ஆர் காரின் உயரம் 1,675, நீளம் வெறும் 3,655. பிரீமியம் என்ற பெயரில் பணம் கூடுதலாகக் கொடுக்கிறவருக்குக் கூரை ஒரு சாண் கீழே இறங்கி வருகிறது! பந்தயக் கார் மாதிரித் தோற்றம் வேண்டும் என்பதற்காகக் கூரையைத் தாழ்த்துகிறார்கள். தலை இடிக்கக் கூடாது என்பதற்காக இருக்கையையும் தாழ்த்துகிறார்கள். இருக்கை தாழ்ந்தால் கால் முன்னால் நீள வேண்டும், அதற்காகத்தான் பின் இருக்கையில் அவ்வளவு இடம். “லெக் ரூம் பாருங்கள் மேடம், கால் மேல் கால் போட்டு உட்காரலாம்” என்றார் ஷோரூம் இளைஞர். உண்மைதான், உட்காரலாம். எழுந்திருப்பது எப்படி என்று கேட்டேன்.

மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு மருத்துவமனையில் சொல்லி அனுப்பும் பாடங்களில் ஒன்று, முட்டியின் உயரத்துக்குக் கீழே இருக்கும் இருக்கையில் உட்காராதீர்கள் என்பது. உட்கார்ந்தபின் இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்திருந்தால், எழும்போது உடம்பின் முழுப் பாரமும் வளைந்த முட்டி வழியாகத்தான் மேலே வர வேண்டும். என் கணவரின் அந்த முட்டிக்கு நானே காவலாளி. ஆகவே கைப்பையில் தையல் டேப் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஷோரூமுக்கும் போனேன். தரையிலிருந்து பின் இருக்கையின் விளிம்பு வரை எவ்வளவு, கதவின் கீழ்ப்படி எவ்வளவு, கதவு எவ்வளவு திறக்கிறது, திறந்த இடத்தில் பின் சக்கரத்தின் வளைவு எவ்வளவு உள்ளே நுழைந்து வழி மறிக்கிறது என்று குறித்துக்கொண்டேன். விற்பனையாளர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தன் அப்பாவுக்கும் இதே சிக்கல் என்றார். நல்ல பிள்ளை.

இருக்கை விளிம்பின் உயரம் எந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளிலும் அச்சிடப்படவில்லை. எத்தனை நிற விளக்கு உள்ளே எரியும் என்பது இருக்கிறது. ஒரு காரின் பின் இருக்கையில் மாமியாரை உட்காரவைத்தோம். உட்கார்ந்தவுடன் அவர் சொன்னது: “கிணற்றுக்குள் இறக்கிவிட்டது மாதிரி இருக்கிறதே!” வெளியே எடுக்க நானும் கணவரும் அந்த விற்பனையாளரும் வேண்டியிருந்தது. அவர் வெட்கப்பட்டுப் போய், பெரியவர்களை முன் இருக்கையில் உட்காரவைக்கலாமே என்றார். முன் இருக்கை ஒன்றுதான், பெரியவர்கள் மூன்று பேர் என்றேன்.

ஆல்ட்ராஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதன் கதவுகள் தொண்ணூறு டிகிரி வரை திறக்கின்றன. முட்டி மடக்க முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அந்தக் கதவின் அருகே நின்று ஒருவரை இறக்கிவிட்டவர்களுக்குத் தெரியும். நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. இதை யோசித்துச் செய்த அதே ஆட்கள்தான், 2020-இல் அந்தக் கார் வந்தபோது பின் கதவின் கைப்பிடியைக் கண்ணாடியின் மூலையில் ஒளித்துவைத்தவர்கள். கதவே இல்லாததுபோலத் தெரிய வேண்டுமாம். எதற்கு என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

தொண்ணூறு டிகிரி திறந்தாலும் திறக்க இடம் வேண்டுமே என்று வாசகர்கள் கேட்பார்கள். எங்கள் குடியிருப்பிலும் அதே கதைதான். இரண்டு தூண்களுக்கு நடுவே என் இடம். நிறுவனங்கள் சொல்லும் அகலம் பலேனோவுக்கு 1,745, ஆல்ட்ராஸுக்கு 1,755, ஐ20-க்கு 1,775. இவை பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு. பழைய சான்ட்ரோவே கண்ணாடியை மடக்கினால்தான் உள்ளே போகும். ஆகவே பெரியவர்களை வாசல் கேட்டில் ஏற்றி, கேட்டிலேயே இறக்கிவிட்டு, நான் மட்டும் வண்டியை உள்ளே விட்டுவிட்டு ஓரமாக நழுவி வெளியே வருவேன். அறுபது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த ஒரே உடற்பயிற்சி.

அடுத்து வெயில். சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நின்ற காரில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிரீமியம் கார்கள் பலவற்றின் உட்புறம் முழுக்கக் கறுப்பு. டேஷ்போர்டு கறுப்பு, இருக்கை கறுப்பு, கூரைத் துணியும் சிலவற்றில் கறுப்பு. அதன் மேல் சன்ரூஃப் என்று ஒரு கண்ணாடி. குளிர் நாட்டுக்காரர்கள் வெயிலுக்கு ஏங்கித் திறந்துவைப்பதை, நாம் பணம் கொடுத்து வாங்கி, திரையை இழுத்து மூடிவைக்கிறோம். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. முன்னும் பின்னும் 70 சதவீத வெளிச்சமும் பக்கங்களில் 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அந்தத் தீர்ப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்குப் பிறகாவது பின் கதவுக் கண்ணாடிக்கு இழுத்து மாட்டும் திரையைக் காரோடு கொடுக்க வேண்டாமா? பின்னால் வரும் ஏ.சி. துவாரங்களையாவது எல்லா ரகத்திலும் வைக்க வேண்டாமா? முன்னால் இருப்பவர் குளிரில் நடுங்குவார், பின்னால் இருப்பவர் முந்தானையால் விசிறிக்கொள்வார்.

பின் கண்ணாடியின் கீழ்க்கோடு பின்னால் போகப் போக மேலே ஏறுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அம்பு பாய்வதுபோல அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் ஐந்தடிக்குக் கீழான பாட்டிக்குக் கண்ணுக்கு எதிரே பிளாஸ்டிக் சுவர். என் மாமியாருக்குக் கார்ப் பயணம் என்பதே ஜன்னல்தான். கத்திப்பாராவில் மேம்பாலம் இல்லாத காலம், சைதாப்பேட்டையில் ஆற்றில் துணி காய்ந்த காலம், அண்ணா சாலையில் எந்தத் தியேட்டர் எங்கே இருந்தது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். இப்போதைய மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தகரத் தடுப்பைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். அதையாவது பார்க்கவிடுங்கள்.

பாதுகாப்பில் இந்தக் கார்கள் முன்னேறியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஹூண்டாய் 2023 அக்டோபரிலேயே தன் எல்லாக் கார்களிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. 2025-இல் புதுப்பித்து வந்த ஆல்ட்ராஸிலும், அதே ஆண்டு பலேனோவிலும் எல்லா ரகங்களுக்கும் ஆறு. எங்கள் சான்ட்ரோவில் ஒன்றுகூட இல்லை. என் மகன் புதுக் காருக்கு என்னை நச்சரிப்பதற்கு அதுதான் முதல் காரணம், அவன் சொல்வது சரி.

ஆனால் ஏர்பேக் சரியாகக் காப்பாற்ற சீட் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். பின் இருக்கையில் பெல்ட் மாட்டும் கொக்கியைப் பாருங்கள், பலவற்றில் மெத்தையின் இடுக்கில் புதைந்து கிடக்கிறது. விரல்மூட்டு வீங்கிய பெண்மணி அதைத் தோண்டி எடுத்து, மறுகையால் பெல்ட்டை இழுத்து, சரியாகச் செருக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப் போய் மாட்டிவிட்டு வருகிறேன். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் தன் கருத்தைத் தெரிவிப்பார். கொக்கியை விறைப்பான தண்டில் நிமிர்த்தி வைக்க எவ்வளவு செலவாகும்? தலைசாய்ப்பானும் அப்படித்தான். விலை குறைந்த ரகங்கள் சிலவற்றில் பின் இருக்கையோடு ஒட்டியே வருகிறது, உயர்த்த முடியாது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். அதை உயர்த்த வேண்டுமானால் மேல் ரகத்துக்குப் போக வேண்டும்.

மேல் ரகத்துக்குப் போவதில் நம் மாநிலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட சாலை வரிப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 15. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,50,750. பத்தாயிரம் ரூபாய் கூடுதல் விலைக்கு வரி மட்டும் 21,400 ரூபாய் கூடுகிறது. ஆட்டோமேட்டிக் கியரோடு சில வசதிகளையும் சேர்த்தால் இந்த வகைக் கார்கள் அந்த எல்லைக்கு அருகே வந்துவிடுகின்றன. என் முட்டியும் கிளட்சை மிதித்து மிதித்துக் கெஞ்சுகிறது. ஆட்டோமேட்டிக் எனக்கு ஆடம்பரம் இல்லை. கையில் பணம் வைத்திருக்கும் இளைஞனுக்காக வைத்த திரையையும் விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் சேர்த்து நான் வாங்கினால்தான் பின் இருக்கையின் தலைசாய்ப்பான் உயரும் என்றால், இந்த ரகங்களைப் பிரித்தவர் வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று தோன்றுகிறது.

ஒரு ஷோரூமில் ஆன்-ரோடு விலைப் பட்டியலில் கையாளும் கட்டணம் என்று ஒரு வரியும், மிதியடியும் சாவிக்கொத்தும் அடங்கிய பெட்டிக்கு ஒரு வரியும் இருந்தன. என்ன என்று கேட்டதும் ஒன்று மறைந்தது. காப்பீட்டையும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்பதுபோலப் பேசினார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும். இது தனிக் கடிதத்துக்கான விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன். மைலேஜைப் பற்றியும் எழுதப் போவதில்லை. வடபழனி ஆற்காடு சாலையில் ஊர்ந்து போகும்போது எந்தக் கார் எவ்வளவு கொடுக்கும் என்று நிறுவனமும் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன்.

தொடுதிரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளர் அதில் மயங்கிவிட்டார். நான் ஓட்டிப் பார்த்த ஒரு காரில் ஏ.சி.யின் காற்றைக் குறைக்க ஒரு வழவழப்பான பலகையைத் தொட வேண்டும். தொட்டது பட்டதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். பின்னால் மாமியார் குளிர்கிறது என்கிறார், முன்னால் மாநகரப் பேருந்து பிரேக் போடுகிறது, இடது பக்கம் உணவு கொண்டுபோகும் இளைஞர் நுழைகிறார். இந்த நேரத்தில் நான் திரையைப் பார்ப்பதா? திருகு இருந்தால் கை தானாகப் போகும், கண் சாலையிலேயே இருக்கும். இந்த வகையில் இன்னும் திருகை விட்டுவைத்திருக்கும் கார்களும் இருக்கின்றன. அது பழமை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள் என்று அந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சோழிங்கநல்லூரில் இருக்கும் என் மகனின் வாதம் வேறு. ஹேட்ச்பேக்கே வேண்டாம், உயரமான சிறிய எஸ்.யூ.வி. வாங்கு, பாட்டிக்கும் வசதி, மழைக்கும் நல்லது என்கிறான். அவனைப் போல் நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் ஃபோக்ஸ்வேகன் போலோ, ஹோண்டா ஜாஸ் என்ற ஹேட்ச்பேக்குகள் இங்கே கடையைக் கட்டிக்கொண்டு போயின. அவனுக்கு நான் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறேன். 2023 ஏப்ரலில் வந்த மாருதி ஃபிராங்ஸ், பலேனோவின் அடித்தளத்தில் கட்டியது. சக்கரங்களுக்கு நடுவே அதே 2,520. டிக்கி 308 லிட்டர், பலேனோவைவிடப் பத்து லிட்டர் குறைவு. தரை இடைவெளி பலேனோவில் 170, இதில் 190. ஆக, கூடுதலாகக் கிடைப்பது 20 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலம். சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. அந்தக் கட்டைவிரல் அகலம் என் கணவரின் முட்டிக்குக் கொஞ்சம் உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால், உள்ளே நுழையும்போது தலையைக் குனிய வேண்டியிருக்கிறது. முட்டிக்குக் கொடுத்ததைக் கழுத்திடம் வாங்கிக்கொள்கிறார்கள்.

மழைக் கணக்கு இன்னும் சுவாரசியம். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது அது 170-ஆ 190-ஆ என்று பார்த்து நிற்பதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த வரிசையில் ஹேட்ச்பேக்கும் இருந்தது, எஸ்.யூ.வி.யும் இருந்தது. வெள்ளத்துக்கு மருந்து மேட்டில் நிறுத்துவதும், தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி முடுக்காமல் இருப்பதும், காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்ப்பதும்தான்.

வேகத்தடை விஷயத்தில் மட்டும் மகன் பக்கம் நியாயம் உண்டு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வட்ட வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அதாவது ஏறி இறங்குவதே தெரியாமல் நீண்ட மேடாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருப்பவை அகலத்தில் ஓரடி, உயரத்தில் அவரவர் விருப்பம். சாலையைத் தோண்டி மூடியபின் மீந்த தாரைக் கொட்டிச் செய்தவை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது 165, 170 தரை இடைவெளி உள்ள கார் அதில் அடிவயிற்றை உரசிக்கொண்டுதான் போகும். இதற்குக் காரை உயர்த்துவதா, வேகத்தடையைத் தாழ்த்துவதா? இரண்டாவதுதான் மலிவு. மாநகராட்சிக்கும் இக்கடிதத்தின் ஒரு பிரதியை அனுப்புகிறேன்.

ஹேட்ச்பேக் என்ற வகையே இந்த ஊருக்குப் பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தகரத் தடுப்புகளுக்கு நடுவே திரும்ப வேண்டும், மாம்பலத்துச் சந்தில் எதிரே மாடு வந்தால் பின்வாங்க வேண்டும், தூண்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் நான்கு மீட்டர் போதும். மக்கள் எஸ்.யூ.வி. பக்கம் போவது மலை ஏறுவதற்காக இல்லை, குனியாமல் உட்காருவதற்காக. அதை ஹேட்ச்பேக்கிலேயே கொடுக்க முடியும் என்பதற்கு இருங்காட்டுக்கோட்டையிலேயே சான்று இருந்தது. கூரையை நான்கு விரல் உயர்த்தி, இருக்கையையும் அதோடு உயர்த்தினால் போதும். வேகன்-ஆர் செய்கிறது. ஆனால் அதை விலை குறைந்த காராகவே வைத்திருக்கிறார்கள். நல்ல எஞ்சினும் நல்ல இருக்கையும் அமைதியான உட்புறமும் வேண்டுமென்றால் கிணற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

தங்கள் செய்தியாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த காரை எழுதும்போது, தரையிலிருந்து பின் இருக்கை விளிம்பின் உயரத்தையும் கதவு திறக்கும் அளவையும் அச்சிடுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்ற வரியை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்; கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு வரப்போவதில்லை. ஓட்டிப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகாதீர்கள், அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். எழுபது வயதைக் கடந்த ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வெயில் நேரத்தில், ஊருக்குள் ஓட்டுங்கள். போகும் இடத்தில் அவர் யார் உதவியும் இல்லாமல் இறங்கினாரா என்பதை எழுதுங்கள்.

அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் என் மாமியார் வரத் தயாராக இருக்கிறார், கேட்டுவிட்டேன். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் சரி, வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போவார். மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். சான்ட்ரோவைப் பற்றி அவரிடம் எதுவும் குறைவாகப் பேசிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை - 61